யாரும் கை வைக்காத ஆட்டம்

தணிகாசலம்,

வாரத்துக்கு ஒரு தடவை மெட்ராஸிலிருந்து வந்து போகிற பிள்ளைக்கு, அதுவும் கல்யாணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். நேரில் பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் உன் அம்மா அழுவாள், நீ உடனே "விடு நைனா, பிரஷர் ஏறிடும்" என்பாய், விஷயம் அதோடு அமுங்கிப் போய்விடும். டிரில் மாஸ்டராக வெயிலில் நின்று கத்தியே காலம் தள்ளிய தொண்டை இது, இதற்கு மெதுவாகப் பேச வராது. காகிதத்தில்தான் ஏதோ நிதானமாகச் சொல்ல முடிகிறது. நீயும் உட்கார்ந்து படி. ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி படிக்காதே.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மலை மேல் கோயிலில் தாலி கட்டி முடிந்து எல்லாரும் கீழே சத்திரத்துக்கு இறங்கி வந்ததும், எத்திராஜும் அவனோடு சடுகுடு ஆடிய காலனிப் பையன்களும் நம்மோடு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உன் கல்யாணத்தில் எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். பட்டு வேட்டியும் வேண்டாம், பேண்டு வாத்தியமும் வேண்டாம். அந்த ஒன்று நடக்காது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதை நடக்கவிடாமல் செய்தது பெண் வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ள நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன், முடியவில்லை. செய்தது நீ.

போன வாரம் உன் மாமன் வந்திருந்தான். வரும்போதே அவன் சிரிப்பு சரியில்லை. காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாவா, ஒரு சின்ன விசயம், கோவப்படக் கூடாது" என்று ஆரம்பித்தான். அம்மையார்குப்பத்தில் பெண்ணின் அப்பா உன்னையும் அவனையும் உட்கார வைத்துச் சொன்னாராம்: "மாஸ்டரு கூப்புடுற ஆளுங்க தாராளமா வரட்டும்ங்க, நான் வேணாங்கல. ஆனா காலைல எங்க ஜனம் பந்தியில உக்காந்துகினு இருக்கும்போது காலனி ஆளுங்களும் வந்து உக்காந்தா, பாதிப் பேரு எழுந்து பூடுவாங்க. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கீது. சாயந்தரம் ரிசப்ஷனுக்கு வரச் சொல்லுங்களேன்." பயந்த மனிதர், தறியும் தன் வீடும் தவிர வேறு தெரியாதவர். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. "அதுக்கு இவன் இன்னா சொன்னான்?" என்று உன் மாமனைக் கேட்டேன். "நம்ம தணிகா கெட்டிக்காரன் பாவா! 'சரிங்க மாமா, அப்டின்னா சாயந்தரம் அவங்கள மேடையில ஏத்தி ஆளுக்கொரு பொன்னாடை போத்திடலாம், இன்னும் மரியாதையா இருக்கும்'னு சொல்லிட்டான். ரெண்டு பக்கமும் மனஸ்தாபம் இல்லாம முடிச்சிட்டான் பாரு" என்றான். அவனுக்கு அப்படி ஒரு பெருமை. உன் அம்மாவும் அடுப்படியிலிருந்தே "அதுவும் நல்லதுதானே" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ மெட்ராஸில் குடிசைப் பிள்ளைகளுக்கு மன்றம் நடத்துகிறவன். அதைப் பாடமாகவே படித்துப் பட்டம் வாங்கினாய். ஏழைப் பிள்ளைகளுக்குப் பிச்சை போடக் கூடாது, உரிமையைக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவர்களுக்காக நாம் பேசக் கூடாது, அவர்களே பேச இடம் விட வேண்டும் என்றெல்லாம் வாய் கிழியப் பேசுகிறாய். தப்பே இல்லை, ஒவ்வொரு சொல்லும் சரி. ஒரு தடவை உன் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? நம் வீட்டு அலமாரியிலிருந்து நீ கேட்டு எடுத்துப் போன பித்தளைக் கோப்பை அங்கே மேஜை மேல் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "எங்கள் ஊர் காலனிப் பையன்கள் ஊரையே ஜெயித்து வாங்கிய கோப்பை இது, சமூக நீதி என்றால் என்ன என்று இதைக் கேளுங்கள்" என்றாய். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் முன் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நைனாவுக்குக் கூச்சம் என்று நீ நினைத்துக்கொண்டாய். அன்றே எழுந்து நின்று, "டேய், நிறுத்துடா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

திருத்தணி ஆந்திராவிலிருந்து எல்லை மாறி இந்தப் பக்கம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் நம் தெருப் பிள்ளைகளும் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஆடுவார்கள். காலனிப் பையன்கள் வரப்பு மேல் நிற்பார்கள். பந்து வெளியே போனால் ஓடிப் போய் எடுத்துப் போடுவார்கள். "உள்ள வாடா, ஆடு" என்று நான் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நம் பழைய சாயக் கொட்டகை சும்மாதானே கிடந்தது, அதைக் கழுவிவிட்டு மன்றம் என்று பெயர் வைத்து அவர்களைச் சாயங்காலத்தில் வரச் சொன்னேன். வந்தார்கள். முதல் நாளே நான் ஒரு பிரசங்கம் செய்தேன். குடிக்காதே, ஒழுக்கமாக இரு, தினமும் குளி, சுத்தமாக உடுத்து என்று ஒரே அடுக்கு. எத்திராஜ் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தான். ஒல்லி உடம்பு, கை மட்டும் முழங்கால் வரைக்கும் நீளம். எழுந்து, "சார், குளிக்கிறதுக்குத் தண்ணி எங்க கீதுன்னு சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கே குளிச்சிட்டு வந்துடறோம்" என்றான். கொட்டகையே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிப் போனது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் அதன் பிறகு பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டேன். "உங்களுக்கு இன்னாடா வேணும்?" என்று கேட்கப் பழகினேன். இன்று நீ அதற்கு நீளமாகப் பெயர் சொல்கிறாய். எனக்கு அது எத்திராஜிடம் வாங்கிய சூடு, அவ்வளவுதான்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆடிக்கிருத்திகைக்கு மலையடிவாரத்துத் திடலில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சடுகுடுப் போட்டி நடத்துவார்களே, அதில் ஆட வேண்டும். காவடி எடுத்து வரும் கூட்டம் முழுக்க நின்று பார்க்கிற போட்டி அது. நான், "சரி, பள்ளிக்கூடத்துப் பேருல குடுத்துடலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். எத்திராஜ் ஒரே பிடியாக நின்றான். "அது வேணாம் சார். எங்க காலனிப் பேருலயே ஆடறோம். எல்லாருக்கும் தெரிஞ்சே ஆடறோம்." மற்றவர்களும், "ஆங், அதான் சார் சரி" என்றார்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் அவர்களே போய்ப் பேசினார்கள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. என்னென்னவோ சண்டை வரும் என்று எதிர்பார்த்து அடிபடவும் தயாராக நின்றேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, "ஒத்துக்கினாங்க சார்!" என்று குதித்தார்கள். அன்று ஆளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்களே என்று ஒரு நிமிஷமாவது எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இடையில் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ அப்போது சின்னப் பையன், என் கூடவே கொட்டகைக்கு வருவாய். எத்திராஜ் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சடுகுடு பாடி ஓடுவான். திரும்பி வந்ததும் உன் அம்மா உன்னை வாசலிலேயே நிறுத்திக் குழாயடியில் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுவாள். "ஒரே புழுதி, பாருங்க" என்பாள். நம் தெருப் பிள்ளைகளோடு புரண்டுவிட்டு அதே புழுதியோடு நீ நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டெடுத்து உட்காருவாய், ஒன்றும் சொல்ல மாட்டாள். இதை நான் கவனிக்காமல் இல்லை. வீட்டில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அவளைக் குறை சொல்லி எழுதவில்லை. அந்தக் குழாயடியை ஊருக்குள் தேடிக்கொண்டிருந்தேன், அது என் வீட்டு வாசலில் இருந்தது.

கிருத்திகை வந்தது. எங்கள் பையன்களுக்கு எதிரில் பக்கத்து ஊர் அணி, எல்லாம் சொந்த நிலத்தில் ஏர் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள், ஒவ்வொருவனும் கட்டை மாதிரி உடம்பு. சட்டம் தெரிந்த டிரில் மாஸ்டர் என்பதால் விசில் என் கையில். மலையில் அரோகரா சத்தம். நீ பட்டாணிப் பொட்டலத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தாய். எத்திராஜ் முதலில் பாடிப் போனான். "சடுகுடு சடுகுடு" என்று நடுக்கோட்டைத் தாண்டினான். எதிரில் இருந்தவன் இரண்டடி பின்னால் போனான். இன்னும் போனான். கடைசிக் கோட்டுக்கு வெளியே காலை வைத்தான். களத்துக்கு வெளியே போனால் அவுட், நான் ஊதினேன். பயந்து போய்விட்டான் என்று நினைத்தேன். எத்திராஜ் அடுத்தவன் பக்கம் திரும்பினான். அவனும் அதே மாதிரி பின்னாலேயே போய் வெளியே நின்றான். மூன்றாமவனும் அப்படியே. ஒருவன் முகத்திலும் பயம் இல்லை. சேற்றில் கால் படாமல் ஒதுங்குகிறவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பாடி வரும்போதும் அதே கதை. கோட்டைத் தாண்டி ஓரடி வந்து பாடுவார்கள். நம் பையன் பிடிக்கப் பாய்ந்தால், கை படுவதற்கு முன்னாலேயே மூச்சை விட்டுவிட்டு நின்றுவிடுவார்கள். பாட்டு நின்றால் அதுவும் அவுட். நான் ஊதினேன். சட்டப்படி எதிலும் தப்பு இல்லை. ஆடுவதற்கு ஒத்துக்கொண்டார்கள், தொடுவதற்கு யார் ஒத்துக்கொண்டது?

கடைசியாக எத்திராஜ் ஒரு தடவை பாடிப் போனான், அதை என்னால் மறக்க முடியவில்லை. நேராக நடுக்களத்தில் போய் நின்றான். காலை நீட்டினான், பிடிடா என்று. யாரும் வரவில்லை. கையை நீட்டினான். வரவில்லை. அவனைச் சுற்றி அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள், இவன் நடுவில் நின்று சடுகுடு சடுகுடு என்று பாடிக்கொண்டே இருக்கிறான். திரும்பி ஓடி வந்தால் போதும். வரவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கழுத்து நரம்பு புடைத்து, குரல் தேய்ந்து, மூச்சு முழுக்கத் தீர்ந்து அப்படியே குந்திவிட்டான். அன்றைக்கு அவன் அவுட் ஆனது அந்த ஒரு தடவைதான். அதற்கும் நான் ஊதினேனடா. நான்தான் கையைத் தூக்கி அவுட் என்றேன்.

கோப்பை நம் பையன்களுக்கு. நீ எழுந்து நின்று குதித்தாய், கைதட்டினாய், பட்டாணி எல்லாம் கீழே கொட்டிப் போனது. கோப்பையைத் தரையில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எத்திராஜ் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். திரும்பி வரும்போது அவன் சொன்னது: "எலும்ப ஒடச்சி அனுப்பியிருந்தாக்கூட பரவால்ல சார்." வீட்டுக்கு வந்ததும் நீ ஊரெல்லாம் போய், நாம ஜெயிச்சிட்டோம் என்று சொன்னாய். குழந்தை சந்தோஷமாக இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதுதான் உனக்கு நான் செய்த துரோகம். நீ அந்தக் கைதட்டலோடேயே வளர்ந்துவிட்டாய்.

அதன் பிறகு மன்றத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஒருவன், பிறகு யாரும் இல்லை. தோற்றிருந்தால் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்று சொல்லியிருப்பேன். ஜெயித்தவனிடம் என்ன சொல்வது? கொட்டகையை வாடகைக்கு விட்டோம், அதில் இப்போது பவர்லூம் ஓடுகிறது. எத்திராஜுக்கு அரக்கோணத்தில் ரயில்வேயில் கலாசி வேலை கிடைத்தது. என் முயற்சியால் இல்லை, அவனாகவே தேடிக்கொண்டான். என்னைப் பார்த்தால் இன்றும் சைக்கிளை விட்டு இறங்குவான். இறங்காதேடா என்றால் கேட்க மாட்டான். அவன் இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த விசில் காதில் கேட்கும்.

உன் மாமன் போன மறுநாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். காலைப் பந்திக்கே கூப்பிட்டுவிடுவோம், வருவது வரட்டும் என்று வீம்பு. எத்திராஜ் நாற்காலி போட்டான். "தம்பி போன வாரம் ஊருக்கு வந்தப்பவே சொல்லிட்டுப் போச்சு சார். சாயந்தரம் மேடையில ஏத்துறேன்னுச்சு, ஆளுக்கு ஒரு பொன்னாடையாம்" என்றான். "நீ காலைல வாடா, என் பக்கத்துல உக்காரு" என்றேன். அவன் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "வேணாம் சார். நாங்க வந்து உக்காந்தா அவங்க எழுந்திருப்பாங்க. எங்களுக்கு அந்த ஆட்டம் ஒருவாட்டி போதும்" என்றான். பிறகு சிரித்தான். "தம்பி நல்ல புள்ள சார், ஒண்ணும் சொல்லிடாதீங்க. இது எங்களுக்கு ரெண்டாவது கோப்பை, அவ்ளோதான்." அவன் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். உனக்காக என்னிடம் பரிந்து பேசினான் பார், அதில்தான் நான் உடைந்து போனேன்.

புரிகிறதா, தணிகா? பொன்னாடை போர்த்தலாம், கைதட்டலாம், போட்டோ எடுக்கலாம், காகிதத் தட்டில் இனிப்பு காரம் கொடுத்து அனுப்பலாம். அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சோறு தின்ன மட்டும் முடியாது. நீ ஜெயிக்க வைத்து அனுப்புகிறாய், அன்று திடலில் எதிரணிக்காரர்கள் செய்த மாதிரியே. அவர்களாவது வெறுப்பில் செய்தார்கள். நீ அன்போடு செய்கிறாய். வெறுப்பை எதிர்த்து நிற்க எத்திராஜுக்குத் தெரியும், உன் அன்பை எதிர்த்து அவன் எப்படி நிற்பான்? உன் குடிசைப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களுக்கும் நீ மேடைதான் வைத்திருப்பாய்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். கேள், நியாயம்தான். அத்தனை சாயங்காலங்களில் நான் ஒரு தடவைகூட அவர்களோடு களத்தில் இறங்கி ஆடவில்லை. நடுவர் வெளியேதான் நிற்க வேண்டும் என்று காரணம் வைத்திருந்தேன். எத்திராஜ் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை, அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று அதற்கும் ஒரு காரணம். நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய். நான் கையில் விசிலை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன், நீ மைக்கை வைத்துக்கொண்டு மேலே நிற்கிறாய். உன் மன்றத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உனக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. அந்தக் கோப்பையை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடு, அந்தக் கதையை இனி எங்கேயும் சொல்லாதே.

இப்போது ஓடிப் போய் ஏற்பாட்டை மாற்றாதே. நைனா கோபித்துக்கொண்டார் என்பதற்காக அவர்களைக் காலையில் கூட்டி வந்து நடுவில் உட்கார வைத்தால், மறுபடியும் அதே திடல்தான். நீ தாலி கட்டும்போது நான் மலை மேல் இருப்பேன், அட்சதை போடுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். இறங்கி வந்ததும் சத்திரத்துக்குள் வர மாட்டேன். நேராகக் காலனிக்குப் போவேன். எத்திராஜ் வீட்டில் அன்றைக்கு என்ன ஆக்கியிருந்தாலும் போடச் சொல்லிச் சாப்பிடுவேன். இத்தனை வருஷம் கழித்து வந்த கிழவனுக்கு அவன் போட மாட்டேன் என்றாலும் சரி, வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

முதல் பந்தியில் இலை போட்டதும், மாப்பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்பார்கள். உன்னிடம்தான் கேட்பார்கள். என்ன சொல்வாய் என்று நான் ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்வாய் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது, நீ என் பிள்ளை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். "நைனாவுக்கு பிரஷர், படுத்துகினு இருக்காரு" என்பாய். ஐயோ பாவம் என்பார்கள். பந்தி நடக்கும்.

உன் நைனா